சூடு எங்கே போகிறது? உறைகுளிரில் பறவைப் படம் எடுக்கத் தொடங்குகிறவர்களுக்கு

மைனஸ் 15 டிகிரியில் கிளையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பட்டாணிக்குருவியை நல்ல லென்ஸ் வழியாகப் பார்த்தால், 'என்ன இது, இப்படிக் கொழுத்துப் போயிருக்கிறதே' என்றுதான் முதலில் தோன்றும். கழுத்தையே காணோம். கால்கள் வயிற்று இறகுக்குள் போய்விட்டன. பஞ்சு உருண்டைக்குக் கண்ணும் அலகும் ஒட்டவைத்த மாதிரி இருக்கும். அவ்வளவும் காற்று. இறகுகளைச் சிலிர்த்து நிறுத்தி, அவற்றுக்கு இடையில் காற்றை அடைத்து வைத்திருக்கிறது. உள்ளே உடம்பின் சூடு 40 டிகிரிக்கு மேல், வெளியே மைனஸ் 15. நடுவில் இருப்பது ஒன்றிரண்டு விரற்கடை அகலக் காற்று மட்டும்.

குளிர்காலத்தில் பறவைகளைப் படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள், எந்த கேமரா தாங்கும், எந்தக் கையுறை நல்லது என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் இந்தக் கேள்விகளில் பாதிக்கு நாமே பதில் கண்டுபிடித்துவிடலாம். சூடு எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பறவையிலிருந்து காற்றுக்கு, விரலிலிருந்து கேமரா நிற்கும் முக்காலிக்கு, கார் ஜன்னலிலிருந்து வெளியே. களத்தில் நம்மைப் படுத்தும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஓட்டத்தால் வருபவை.

பறவையின் வரவு செலவு

முதலில் பறவையைப் பார்ப்போம். படம் அதனுடையது.

வட அமெரிக்காவில் கருந்தொப்பி சிக்கடி என்று ஒரு பறவை உண்டு, பட்டாணிக்குருவிக் குடும்பம்தான். எடை 10 முதல் 12 கிராம். ஐரோப்பாவின் மிகச்சிறிய பறவையான கோல்டுகிரெஸ்ட் அதிலும் பாதி, 5 அல்லது 6 கிராம். இவ்வளவு சின்ன உடம்பில் சூட்டைச் சேமிக்க இடம் குறைவு, இழக்கும் பரப்போ எடைக்குப் பொருத்தமில்லாமல் அதிகம். அதனால் மார்புத் தசைகளை நடுக்கி நடுக்கிச் சூடு உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. அதற்கு எரிபொருள் பகலில் தின்றது. ஒரே இரவில் உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் கரைந்துபோகும். மறுநாள் அதைத் திரும்பச் சம்பாதிக்க வேண்டும், அதுவும் குளிர்காலத்தின் குட்டைப் பகலுக்குள்.

சிக்கடி இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. இரவில் தன் உடல் வெப்பத்தையே 10, 12 டிகிரி வரை இறக்கிக்கொள்ளும். உடம்புக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசம் குறைந்தால் இழப்பும் குறையும் அல்லவா? கோல்டுகிரெஸ்ட் வேறு மாதிரி. ஒரே கிளையில் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்து தூங்கும். வாத்துகளும் கொக்குகளும் ஒற்றைக் காலில் நிற்பதும் இந்தக் கணக்குதான். இறகில்லாத காலில் ஒன்றை உள்ளே இழுத்துக்கொண்டால் செலவு குறைகிறது. போதாததற்கு, காலுக்குப் போகும் சூடான ரத்தக்குழாயும் திரும்பி வரும் குளிர்ந்த குழாயும் ஒட்டி ஓடுவதால், சூடு பாதத்தை எட்டுவதற்கு முன்பே திரும்பும் ரத்தத்துக்கு மாறிவிடுகிறது. பாதம் உறையாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் சூடு போனால் போதும் என்று உடம்பு ஏற்பாடு செய்திருக்கிறது.

ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் ட்சுருய் என்ற கிராமத்தில் ஓட்டோவா பாலம் இருக்கிறது. குளிர்கால விடியற்காலையில் அந்தப் பாலத்தில் முக்காலிகள் வரிசை கட்டி நிற்கும். எதிரே ஆற்றுக்குள் சிவந்த உச்சந்தலை கொண்ட பெரிய கொக்குகள் நின்றபடி தூங்கும். மைனஸ் 20-ல் போய் ஆற்றில் நிற்பானேன் என்று தோன்றலாம். ஓடும் தண்ணீர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாது. காற்று மைனஸ் 20. அந்த இடத்தில் கதகதப்பானது ஆறுதான். நரி வந்தாலும் சத்தம் கேட்டுவிடும். அந்தச் சூட்டு வித்தியாசத்தால்தான் ஆற்றிலிருந்து ஆவி எழும்பிக் கரையோர மரங்களில் வெள்ளையாக உறைகிறது. அங்கே எடுக்கப்படும் கனவு போன்ற படங்களின் அழகு இயற்பியல் தந்தது. கேமராவுக்கு அதில் பங்கு கொஞ்சம்தான்.

இதெல்லாம் தெரிந்து என்ன பயன்? நிறைய உண்டு. இறகு சிலிர்த்து உருண்டையாக உட்கார்ந்திருக்கும் பறவை சிக்கனமாக இருக்கிறது, நிம்மதியாகவும் இருக்கிறது. நீங்கள் ஓரடி முன்னால் வைக்கிறீர்கள். இறகு சட்டென்று படிகிறது, உருண்டை ஒல்லியாகிறது, கழுத்து நீள்கிறது. அடுத்த நொடி பறந்துவிடும் என்று அர்த்தம். அந்த 'சட்டென்று' நடக்கும்போதே நின்றுவிட வேண்டும். முடிந்தால் ஓரடி பின்னால் போக வேண்டும். கோடையில் ஒரு பறவையைப் பறக்கவிட்டால் நமக்குப் படம் போகிறது, அவ்வளவுதான். மைனஸ் 20-ல் பறக்கவிட்டால் அதன் அன்றைய சம்பாத்தியத்தில் கைவைக்கிறோம். ஒரே பறவையை மறுபடி மறுபடி துரத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

பனிக் காடுகளில் நடக்கும்போது இன்னொரு விஷயம். கறுப்புக் காட்டுக்கோழி, பனிக்கோழி போன்றவை மென்பனிக்குள் குடைந்துபோய் அதற்குள்ளேயே தூங்கும். மேலே மைனஸ் 30 என்றாலும் பனிக்குள் அவ்வளவு குளிர் இருக்காது. பனி என்பதே பெரும்பாலும் அடைபட்ட காற்றுதானே. வழியை விட்டு விலகி அங்குமிங்கும் மிதித்து நடந்தால் காலடியிலிருந்து வெடித்த மாதிரி கோழி கிளம்பும். உங்களுக்கு மூச்சு நிற்கும், அதற்கு ராத்தூக்கம் போகும். படமும் கிடைக்காது.

பேட்டரி தீரவில்லை, விறைத்திருக்கிறது

அடுத்தது பேட்டரி. லித்தியம் அயான் பேட்டரிக்குள் ஒரு திரவம் இருக்கிறது. அதன் வழியாக அயனிகள் நீந்திப் போனால்தான் மின்சாரம். குளிரில் அந்தத் திரவம் கெட்டிப்படும், நீச்சல் மெதுவாகும், மின்னழுத்தம் சரியும். கேமரா அந்தச் சரிவைப் பார்த்துவிட்டு 'தீர்ந்துவிட்டது' என்று அணைந்துகொள்ளும். உண்மையில் உள்ளே இன்னும் சக்தி இருக்கிறது. எடுத்து உள்சட்டைப் பையில் கால் மணி நேரம் வைத்துத் திரும்பப் போட்டால் எழுந்துவிடும்.

ஆகவே, இரண்டு அல்லது மூன்று பேட்டரி, எப்போதும் உடம்பை ஒட்டிய பையில். வெளிக்கோட்டுப் பையில் வைத்தால் பையில் வைத்ததாகவே கணக்கில்லை. ஒன்று சோர்ந்ததும் மாற்றி, சோர்ந்ததைச் சூட்டுக்கு அனுப்பி, சுழற்சியில் ஓட்டலாம். பின்திரையில் எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பழக்கத்தைக் குறைத்தால் பேட்டரி இன்னும் தாக்குப்பிடிக்கும். விறைத்த பேட்டரியைச் சூடேறுவதற்கு முன் சார்ஜில் போடக் கூடாது. பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெட்டுப்போகும்.

கேமரா தாங்குமா? பல கேமராக்களின் கையேட்டில் 0 முதல் 40 டிகிரி என்று போட்டிருக்கும், சிலவற்றில் மைனஸ் 10 வரை. அதற்குக் கீழே உத்தரவாதம் கிடையாதே தவிர, மைனஸ் 20-லும் பெரும்பாலும் ஓடும். பின்திரை மந்தமாகும், முக்காலித் தலையின் கிரீஸ் இறுகும், வயர்கள் குச்சியாகும். ஃபிலிம் காலத்தில் இதைவிடத் தொல்லை. குளிரில் ஃபிலிமே நொறுங்கும். வேகமாகச் சுற்றினால் நிலைமின்சாரப் பொறி பறந்து படத்தில் மின்னல் கோடு விழும். நாம் கொடுத்து வைத்தவர்கள்.

காற்று நடுங்கும்போது

இனி சொல்லப்போவதுதான் புதியவர்களை அதிகம் குழப்புவது. லென்ஸ் நல்லது, ஷட்டர் வேகம் போதும், ஃபோகஸ் கண்ணில்தான் விழுந்திருக்கிறது. ஆனாலும் வீட்டில் வந்து பெரிதாக்கிப் பார்த்தால் படம் கஞ்சி மாதிரி. எனக்கு இது நடந்தபோது லென்ஸைத்தான் திட்டினேன். சர்வீசுக்குக் கொடுக்கும் வரை போய்விட்டேன்.

குற்றவாளி கார். பறவைகள் மனிதரைக் கண்டால் ஓடும், காரைக் கண்டால் அவ்வளவு அஞ்சாது. அதனால் கார் அருமையான மறைவிடம். ஆனால் ஹீட்டர் போட்ட காரின் ஜன்னலைத் திறந்ததும் உள்ளிருக்கும் சூடான காற்று வெளியே புரண்டு ஓடுகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்கும் இடத்தில் ஒளி வளைந்து வளைந்து போகும். அடுப்புக்கு மேலே எதிர்ச்சுவர் நெளிவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். நீண்ட லென்ஸ் பறவையைப் பெரிதாக்குவதோடு இந்த நெளிவையும் சேர்த்துப் பெரிதாக்கிவிடுகிறது.

வீட்டுச் சூட்டோடு வெளியே கொண்டுவந்த லென்ஸும் இதையே செய்யும். முன்கண்ணாடியிலிருந்து எழும் சூடு, லென்ஸின் முன்னால் மாட்டும் குழல் போன்ற ஹூடுக்குள் தேங்கி நின்று, லென்ஸின் வாசலிலேயே ஒரு நெளியும் திரையைத் தொங்கவிடும். கொஞ்ச நேரம் ஹூடைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். பெரிய லென்ஸ் வெளிக்குளிருக்குப் பழக அரை மணியாவது கொடுக்க வேண்டும். காரில் ஹீட்டரை அணைத்து, ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்து, காருக்குள்ளும் வெளிக்குளிர் வரும்வரை காத்திருங்கள். ஆமாம், குளிரும்.

இது காற்றின் வேலையா, ஃபோகஸ் பிழையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பறவையைத் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுங்கள். நேரான ஒரு குச்சியின் விளிம்பைப் பத்திலும் பாருங்கள். ஒன்றில் கூர்மை, அடுத்ததில் அலை, அதற்கடுத்ததில் வேறு மாதிரி அலை என்று மாறிக்கொண்டே இருந்தால் காற்றுதான். ஃபோகஸ் பிழையாக இருந்தால், பறவைக்கு முன்போ பின்போ உள்ள ஏதாவது ஒன்று பத்திலும் கூர்மையாக இருக்கும். வெயில் ஏறிய பிறகு, தூரத்தில் உள்ள பறவைக்கும் உங்களுக்கும் நடுவே வெயில்பட்ட தார்ச்சாலையோ பாறையோ இருந்தாலும் இதே நெளிவு வரும். அதற்கு மருந்து கிட்டே இருப்பதும் விடியற்காலையும் மட்டும்தான்.

வெள்ளை ஏன் சாம்பலாகிறது

சூட்டை விட்டு ஒரு நிமிடம் வெளிச்சத்துக்கு வருவோம். கேமராவின் ஒளிமானி தனக்கு எதிரே இருப்பது சராசரிச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டு வேலை செய்கிறது. அந்தச் சாம்பல் சுமார் 18 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். புதுப் பனி திருப்பி அனுப்புவது 80, 90 சதவீதம். 'அம்மாடி, இவ்வளவு வெளிச்சமா' என்று கேமரா படத்தை இருட்டாக்கிவிடுகிறது. பனி அழுக்குச் சாம்பலாகவும், அதில் நிற்கும் பறவை கரிக்கட்டையாகவும் வருவதற்குக் காரணம் இதுதான்.

கேமரா தீர்மானிக்கும் வெளிச்ச அளவை நாமே கூட்டிக் குறைக்க உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை பிளஸ் 1-லிருந்து பிளஸ் 2 வரை ஏற்றுங்கள். எவ்வளவு என்பது படத்துக்குள் பனி எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. திரையின் பிரகாசத்தை நம்பாதீர்கள். பனி வெளிச்சத்தில் கண் கூசிப்போயிருக்கும், சரியான படமும் இருட்டாகவே தெரியும். படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் மேடாகக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். மேடு வலது ஓரத்தை நெருங்க வேண்டும், ஓரத்தில் முட்டி ஏறக் கூடாது. பனியில் வெண்பறவை என்றால், உதாரணமாகப் பனி ஆந்தை, இறகின் நுணுக்கம் வெளுத்துவிடாமல் கொஞ்சம் குறைத்தே ஏற்றுங்கள். பனியில் அண்டங்காக்கை என்றால் நேர்மாறு. அதன் இறகில் ஒளி தெரியும் அளவுக்கு ஏற்றிவிட்டு, பனி கொஞ்சம் வெளுத்தால் போகட்டும் என்று நான் விட்டுவிடுவேன். சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா ஃபைலில் எடுத்தால் பின்னால் சரிசெய்ய இடம் இருக்கும்.

பனி நமக்குச் செய்யும் உபகாரம் ஒன்றும் உண்டு. வழக்கமாகப் பறக்கும் பறவையின் வயிறும் சிறகின் அடிப்பக்கமும் நிழலில் இருட்டிக் கிடக்கும். தரை முழுக்கப் பனி இருந்தால், கீழிருந்து யாரோ ஒளி அடித்தது போல அடிச்சிறகின் ஒவ்வொரு கோடும் தெரியும். ஸ்டூடியோவில் பெரிய வெள்ளைத் துணி விரித்துச் செய்யும் வேலையைத் தரை சும்மாவே செய்து தருகிறது. பனிமேல் நிழல் நீலமாக விழுவதைக் கண்டு பதற வேண்டாம். நேர் வெயில் படாத இடத்துக்கு ஒளி நீல வானத்திலிருந்து வருகிறது, அவ்வளவுதான். அந்த நீலத்தை முழுசாகத் துடைத்தால் குளிரும் சேர்ந்து போய்விடும்.

ஷட்டர் வேகம் பற்றிச் சுருக்கமாக: சின்னப் பறவைகள் துறுதுறுவென்று இருக்கும், 1/1000 நொடியாவது வேண்டும், பறக்கும்போது 1/2000 அல்லது அதற்கு மேல். பனி பெய்துகொண்டிருந்தால் வேகமான ஷட்டரில் பொட்டுப் பொட்டாகவும் 1/60-ல் கோடு கோடாகவும் வரும். அசையாத ஆந்தைக்குக் கோடு அழகு. ஆட்டோஃபோகஸ் முன்னால் விழும் பனித்துகளைப் பிடித்துக்கொண்டு அடம்பிடிக்கும், அப்போது ஃபோகஸ் புள்ளியைச் சின்னதாக்குங்கள்.

மூச்சு, விரல், பாதம்

லென்ஸ் கண்ணாடியில் பனித்துகள் விழுந்தால் நம் வாய் தானாகவே ஊதப் போகும். ஊதாதீர்கள். மூச்சின் ஈரம் கண்ணாடியில் பட்டதும் உறைந்து மெல்லிய பனிக்கட்டிப் படலமாகிவிடும், பிறகு களத்தில் அதைப் போக்குவது பெரும்பாடு. கடுங்குளிரில் பனி உலர்ந்த மாவு மாதிரி இருக்கும். மெல்லிய பிரஷ்ஷால் தட்டினாலோ ரப்பர் ஊதியால் ஒரு அழுத்து அழுத்தினாலோ பறந்துவிடும். வியூஃபைண்டரில் கண் வைக்கும்போதும் மூச்சைக் கீழ்நோக்கியோ பக்கவாட்டிலோ விடப் பழகிக்கொள்ளுங்கள்.

அதே மூச்சு பறவையுடையது என்றால் அதுவே படம். அமெரிக்காவின் பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆடுபான் 2019-ஆம் ஆண்டு நடத்திய புகைப்படப் போட்டியில் முதல் பரிசு பெற்றது, செந்தோள் கரும்பறவை ஒன்று குளிர்ந்த காலையில் பாடும்போது அதன் மூச்சு வளையம் வளையமாகச் சுழன்று போகும் படம். அப்படி எடுக்க மூன்று வேண்டும்: பறவைக்குப் பின்னாலிருந்து வரும் தாழ்ந்த வெயில், பின்புலத்தில் இருட்டான மரங்கள், காற்றில்லாத காலை. குளிர்காலத்தில், அதுவும் வடக்கே போகப் போக, சூரியன் பகல் முழுதும் தாழ்ந்தே இருப்பதால் முதலாவது சுலபமாகக் கிடைக்கும்.

நம் உடம்புக்கு வருவோம். மைனஸ் 20-ல் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 30 போல. அந்த நிலையில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையத் தொடங்கலாம். மூக்கு நுனியோ விரல் நுனியோ வெளுத்து மரத்துப்போனால் படத்தை விட்டுவிட்டுக் கதகதப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். (கேமராவுக்கு இந்தக் காற்றுக்கணக்கு கிடையாது. காற்று அதைச் சீக்கிரம் குளிரவைக்குமே தவிர, மைனஸ் 20-க்குக் கீழே கொண்டுபோக முடியாது.)

கையுறை இரட்டையாக இருக்கட்டும். உள்ளே பொத்தான் அழுத்த வசதியான மெல்லியது, மேலே நான்கு விரலும் ஒன்றாகக் கிடக்கும் தடிமனான உறை. படம் எடுக்கும்போது மட்டும் மேலுறை கழன்று கயிற்றில் தொங்கும். வெறுங்கையால் உலோக முக்காலியைத் தொட்டால் ஈரமான விரல் ஒட்டிக்கொள்ளக்கூடும். முக்காலியின் கால்களில் நுரைப்பட்டை சுற்றிவையுங்கள். இரும்புத்தூள் அடங்கிய கைசூடுபொட்டலங்கள் வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். காற்றே போகாத பையில் திணித்தால் அணைந்துவிடும்.

பாதம்தான் முதலில் தோற்கும், ஏனென்றால் நாம் நடக்கப் போவதில்லை, நிற்கப் போகிறோம். சூடு பாதத்தின் வழியாகத் தரைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். பாய் அளவு வேண்டாம், இரண்டு பாதம் நிற்கும் அளவுக்கு ஒரு நுரைத்துண்டு போதும். அதன்மேல் நின்று பாருங்கள், அப்புறம் அது இல்லாமல் கிளம்ப மாட்டீர்கள். இரண்டாவது சாக்ஸைத் திணித்து ஷூவை இறுக்குவது பலரும் செய்யும் தவறு. அந்தக் குருவி இறகைச் சிலிர்த்தது காற்றுக்கு இடம் விடத்தானே? இறுக்கினால் காற்றுக்கு இடமில்லை, ரத்த ஓட்டத்துக்கும் இடமில்லை.

வீடு திரும்பும்போது

கேமராவுக்கு ஆபத்து பெரும்பாலும் குளிரில் வருவதில்லை. கதவைத் திறந்து வீட்டுக்குள் நுழையும் அந்த நிமிடத்தில்தான் வருகிறது. 22 டிகிரி, 40 சதவீத ஈரப்பதம் உள்ள சாதாரண அறையில், 8 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருள்மேலும் நீர் படியும். உங்கள் கேமரா மைனஸ் 15-ல் இருக்கிறது. குளிர்ந்த பாட்டிலை வெளியே எடுத்து வைத்தால் வியர்ப்பது போலக் கேமராவும் வியர்க்கும். வெளியே மட்டுமானால் துடைத்துவிடலாம். லென்ஸின் கண்ணாடிகளுக்கு நடுவிலும் சென்சார்மேலும் வியர்த்தால் என்ன செய்வது? முதல் முறை நான் நேராக உள்ளே கொண்டுபோய் மேசையில் வைத்தேன். கண்முன்னாலேயே லென்ஸ் வெள்ளைத் திரை போட்டுக்கொண்டது. பதறிப்போய்க் கழற்றிப் பார்த்தது அடுத்த தப்பு. உள்ளேயும் ஈரக்காற்று போயிற்று.

வெளியே இருக்கும்போதே மெமரி கார்டையும் பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். படங்களைப் பார்க்கும் ஆசை கார்டோடு வெளியே வந்துவிட்டால், கேமராவை அவசரப்பட்டுத் திறக்கத் தோன்றாது. பிறகு கேமராவை லென்ஸோடு ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, இறுக மூடி, அதற்கப்புறம் உள்ளே கொண்டுபோங்கள். பைக்குள் அடைபட்டது வெளியிலிருந்த உலர்ந்த காற்று. நீர் பையின் வெளிப்புறத்தில்தான் படியும். ஹீட்டர் பக்கத்தில் வைத்துச் சீக்கிரம் காயவைக்கப் பார்க்காதீர்கள். வீட்டில் குளிர்ச்சியான மூலையாகப் பார்த்து வைத்து, இரண்டு மூன்று மணி நேரம் மறந்துவிடுங்கள். பெரிய லென்ஸ் என்றால் இன்னும் அதிகம். பையின் வெளிப்பக்கம் முழுக்கக் காய்ந்து, தொட்டால் அறைச்சூடு இருந்தால் திறக்கலாம்.